கணக்கும் கோலமும் ஒரே வகுப்பில்

டிஜிட்டல் கலையைத் தனிப் பட்டமாக மட்டும் வைத்திருந்தால் போதாது. எந்தத் துறை மாணவரும் எடுத்துப் படிக்கும் மைனர் பாடமாகக் கல்லூரிகள் அதைக் கொண்டுவர வேண்டும். அதற்கு இடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட இளநிலைப் படிப்புக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் 24 மைனருக்குரியவை. அவற்றை ஃபோட்டோஷாப் பயிற்சியால் நிரப்பினால், தெருமுனை கணினி மையம் சில மாதங்களில் சொல்லித்தருவதைக் கல்லூரி இழுத்து நீட்டியதாகத்தான் ஆகும்.

இந்தக் கலையை வளர்த்தவர்களே வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள்தாம். 1965-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்த கியோர்க் நீஸ், ஃப்ரீடர் நாகே இருவரும் கணிதம் படித்தவர்கள். ஓவியரான வேரா மோல்னார் 1968-இல் பாரிஸில் ஃபோர்ட்ரான் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு கணினியிடம் வந்தார். நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்துக்கான இலக்கண விதிகளைக் கணினி அறிவியல் முறையில் எழுதினார்கள். வகுப்பறையில் இதை எளிதாகக் காட்டிவிடலாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு வெட்டிச் செல்லும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்றால் கையெடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி என்றால் நான்கு தனித்தனி இழைகள் தேவைப்படும். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள். கோலம் போடத் தெரிந்த தமிழ் இலக்கிய மாணவியும் நிரல் எழுதத் தெரிந்த கணித மாணவனும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இந்த உறவு இருவருக்கும் முழுதாகப் புலப்படும்.

முதன்மைப் பாடம் நீர்த்துப்போகும் என்ற கவலைக்கு அதே கட்டமைப்பில் பதில் இருக்கிறது: முதன்மைப் பாடத்துக்குக் குறைந்தது 60 கிரெடிட் உண்டு. செலவும் பெரிதல்ல: நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பிராசசிங், பி5.ஜேஎஸ் இரண்டும் இலவசம், சாதாரண கணினி ஆய்வகத்திலேயே ஓடும். ஏஐ நொடியில் படம் போட்டுத் தரும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விதான் கனமானது. படம் கையில் வந்துவிடுவது உண்மை. ஆனால் அது எந்த விதியால் வந்தது, எங்கே பிசகியது, எப்படித் திருத்துவது என்பது கேட்டவருக்குத் தெரியாது. ஏஐ வரைந்த சிக்குக் கோலத்தில் இழை நடுவில் அறுந்திருந்தால், விதி தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். கருவி வேகமாக ஆக, அதன் வேலையைச் சரிபார்க்கும் கண்ணுக்குத் தேவை கூடுகிறது.

நடைமுறையில் முதல் தடை காலஅட்டவணை. துறைக்குத் துறை வகுப்பு நேரம் மாறுபட்டால், மைனர் என்பது ஒரே துறைக்காரர்கள் கூடும் இன்னொரு வகுப்பாகச் சுருங்கிவிடும். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வாரத்தில் இரண்டு பிற்பகல்களையாவது ஒதுக்கி, இறுதிப் பணியை வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்று விதி வைத்தபிறகே பாடத்திட்டத்தை எழுத உட்கார வேண்டும்.