திறப்பும் சாவியும்

வங்காலையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் படிக்கச் செல்பவனை, வெளிநாடு போகிறான் என்று அந்நாளில் எங்களூரில் எவரும் சொன்னதில்லை. "அக்கரைக்குப் போறான்" என்பார்கள், அவ்வளவே. 1960ஆம் ஆண்டு நான் புறப்பட்டபொழுது கையில் கடவுச்சீட்டு இருந்தும், அயல்நாட்டுக்குச் செல்கிறோம் என்ற எண்ணம் எனக்கும் எழவில்லை. அங்கும் தமிழ், இங்கும் தமிழ் என்றிருந்தேன்.

தலைமன்னார்த் துறையில் கப்பலேறினால் தனுஷ்கோடி ஏறத்தாழ 22 மைல். அங்கிருந்து ரயிலில் திருச்சி. 1914 முதல் ஓடிய வழி அது. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

விடுதியில் முதல் நாள் மாலை என் காலணிகளைக் காணவில்லை. அடுத்த அறை மாணவரிடம், "என்ட சப்பாத்தைக் கண்டீங்களா?" என்று பணிவோடு கேட்டேன். அவர் லால்குடிப் பக்கத்தவர், நல்ல மனிதர். "சாப்பாட்டு நேரம் வரட்டும், தம்பி. இன்னிக்குச் சப்பாத்திதான்" என்றார். விஷயம் விளங்கியதும் விடுதி முழுவதும் சிரித்தது. நாற்காலியைக் 'கதிரை' என்றேன். சமையலறையைக் 'குசினி' என்றேன். 'கொஞ்சம் கதைக்கலாமோ' என்று கேட்டதற்கு ஒருவர் கதை கேட்கச் சம்மணமிட்டு உட்கார்ந்தே விட்டார்! அதில் வன்மம் எதுவுமில்லை. ஆயினும் பதினேழு வயதில் சிரிப்பு சுடும். ஒரு மாதம் வாய் திறவாமலே இருந்தேன். பிறகு அவர்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டாயிற்று என்பதை ஒளிப்பானேன்?

கோடை விடுமுறையில் வீடு சேர்ந்த அன்று, "பெட்டிச் சாவி எங்கேம்மா?" என்றேன். அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகன், எங்களோட கதைக்கவும் அக்கரைத் தமிழோ?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெல்லக் கேட்டார். அன்று முழுவதும் என்னோடு அளந்தே பேசினார், விருந்தாளியோடு பேசுவதைப் போல.

மறு ஆண்டு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் பிறமொழிச் சொற்களைப் பற்றிப் பேசினார். மன்னார் 1560 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் கையிலிருந்தது. சப்பாத்து, கதிரை, குசினி, பாண் எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை என்றார். வகுப்பு என் பக்கம் திரும்பிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேராசிரியரோ நிறுத்தவில்லை. "நீங்கள் சொல்லும் சாவி? ஜன்னல்? அலமாரி? ஏலம்? அவையும் அதே கப்பலில் வந்தவைதாம்" என்றார். பின்னர் என்னை எழுப்பி, "உங்கள் ஊரில் சாவிக்கு என்ன சொல்வீர்கள்?" என்று வினவினார்.

"திறப்பு, ஐயா."

"பூட்டைத் திறப்பது திறப்பு. கலப்பற்ற தமிழ். இந்த வகுப்பில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?"

நம்மிடமிருந்து அவர்கள் கொண்டுபோனதையும் சொன்னார். இக்கரைகளில் கேட்ட மாங்காய்தான் போர்த்துக்கேயர் நாவில் 'மங்கா' ஆகி ஐரோப்பாவெங்கும் பரவியதாம். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அன்றீக்கு அடிகளார், கடல் கடந்து வந்து முத்துக்குளித்துறையில் தமிழ் பயின்ற போர்த்துக்கேயர். அயலூரில் வாய் தடுமாறுவது என்னவென்று அவரும் அறிந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று முதல் விடுதியில் நான் கதைத்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். தேர்வில் மட்டும் அவர்கள் வழக்கில் எழுதினேன், மதிப்பெண் வேண்டுமே!

1964 ஏப்ரலில் படிப்பு முடிந்து புறப்பட்டேன். லால்குடி நண்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சிச் சந்திப்புவரை வந்தார். வண்டி நகரும் நேரத்தில் ஏதோ நினைவு வந்தவராய் ஜன்னலோரமாக ஓடிவந்தார்.

"ஏம்ப்பா, அறைத் திறப்பைக் குடுத்துட்டியா?"

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து எறிந்தேன், ஓடிக்கொண்டே பிடித்துக்கொண்டார்.