பூனைக்குத் தெள்ளுப்பூச்சி! வீட்டுக்கும் தொல்லை! விரட்டுவது எப்படி?

பூனை சும்மா இருக்கவில்லை. பின்னங்காலால் கழுத்தைச் சொறிகிறது. திடீரென்று திரும்பி, வாலின் அடியைக் கடிக்கிறது. நாலு எட்டு நடக்கிறது. மறுபடியும் உட்கார்ந்து சொறிகிறது.

வீட்டில் உள்ளவர்களும் சொறிகிறார்கள். குழந்தைகளின் கணுக்காலில் சிவந்த தடிப்புகள். "கொசுக்கடி" என்று நினைத்து, கொசுவர்த்தி ஏற்றுகிறார்கள். கடி நிற்கவில்லை.

கடிப்பது கொசு அல்ல. தெள்ளுப்பூச்சி!

எள்ளளவுதான் இருக்கும் இந்தப் பூச்சி. ஆனால் ஒரு வீட்டையே ஆட்டிவைக்கும். பூனைக்குட்டியின் உயிரைக்கூடக் குடித்துவிடும். இதை அடியோடு ஒழிக்க முடியுமா? முடியும். ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

பேன் அல்ல, உண்ணி அல்ல

தெள்ளுப்பூச்சி வேறு. பேன் வேறு. உண்ணி வேறு.

உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துப் பருக்கும். அதற்கு எட்டுக் கால்கள். தெள்ளுப்பூச்சிக்கு ஆறு கால்கள். சிறகு இல்லை. நிறம் செம்பழுப்பு. நீளம் 1 முதல் 3 மில்லி மீட்டர்.

இரண்டு பக்கமும் அமுக்கியது போல அதன் உடல் தட்டையாக இருக்கும். அதனால்தான் அடர்ந்த ரோமத்துக்குள்ளே அது சுலபமாக ஓடுகிறது. விரலால் பிடித்தால் நழுவிவிடும்.

"பூனைத் தெள்ளு" என்று பெயர் இருந்தாலும், அது பூனையை மட்டும் பிடிப்பது இல்லை. நாய்களின் மேல் அதிகமாக இருப்பதும் பெரும்பாலும் இதே பூச்சிதான்.

கால் அல்ல, வில்!

தெள்ளுப்பூச்சி சுமார் 20 சென்டி மீட்டர் தூரம் தாவும். அதாவது ஏறக்குறைய ஒரு சாண். அதன் உடல் நீளத்தைப் போல இது பல பத்து மடங்கு!

வெறும் தசையின் பலத்தால் இப்படித் தாவ முடியாது. அதன் உடம்பில், ரப்பரைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் ரெசிலின். தெள்ளுப்பூச்சி அதை வில்லைப் போல வளைத்து வைத்துக்கொள்கிறது. சட்டென்று விடுகிறது. உடனே பாய்கிறது. 1967-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள்.

பாயும்போது அது எதை ஊன்றுகிறது? முழங்காலையா, பாதத்தையா? இந்தச் சண்டை நெடுங்காலம் நடந்தது. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அதிவேகக் கேமராவால் படம் பிடித்துப் பார்த்தார்கள். பாதத்தைத்தான் ஊன்றுகிறது என்று தெரிந்தது.

வெள்ளைத் துணிச் சோதனை

பூனை எப்பொழுதும் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். பல பூச்சிகளை அப்படியே விழுங்கிவிடும். ஆகையால் பூச்சி கண்ணில் படாமலே இருக்கலாம்.

அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்து விரியுங்கள். அதன் மேல் பூனையை நிறுத்தி, ரோமத்தைப் பேன் சீப்பால் வாருங்கள். மிளகுத் தூள் போலக் கறுப்புத் துகள் விழுகிறதா? அது ஈரத்தில் பட்டதும் சிவப்பாகக் கரைகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அப்படிக் காய்ந்து கிடக்கிறது!

வெறும் மண்ணாக இருந்தால் சிவக்காது.

முட்டை மழை

பெண் பூச்சி ரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாட்களில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும்.

இந்த முட்டைகள் ரோமத்தில் ஒட்டுவது இல்லை. உதிர்ந்து விழும். பூனை எங்கே போனாலும் முட்டை மழைதான்! அது தூங்கும் சாக்கில், குழந்தையின் பாயில், கட்டிலுக்கு அடியில், சோபாவின் இடுக்கில், எங்கும் விழும்.

வெதுவெதுப்பான இடத்தில் சில நாட்களில் முட்டை பொரிந்து, மெல்லிய புழு வரும். அது வெளிச்சத்தைக் கண்டால் ஓடும். இருட்டான இடுக்கில் போய்ப் பதுங்கும். அதற்கு என்ன சாப்பாடு? தாய்ப்பூச்சியின் எச்சம்! முட்டையும் எச்சமும் ஒன்றாகவே உதிர்வதால் புழுவுக்குப் பஞ்சம் இல்லை.

பிறகு அது பட்டு நூல் போன்ற கூட்டைப் பின்னி உறங்கும். கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசி ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் குப்பை போலவே இருக்கும்.

கூட்டிலிருந்து பூச்சி வெளியே வரும். நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால், முட்டை பூச்சியாக மாற மூன்று வாரம் போதும்.

நூற்றில் ஐந்து!

பூனையின் மேல் நாம் பார்க்கும் பூச்சி, மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவிகிதம்தான். மற்ற 95 சதவிகிதமும் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டில் கிடக்கிறது.

பலர் தோற்றுப்போவது இங்கேதான். பூனைக்கு மட்டும் மருந்து போடுகிறார்கள். வீட்டை மறந்துவிடுகிறார்கள். அல்லது வீட்டைக் கழுவுகிறார்கள். பூனையை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால்தான் வெற்றி.

பூட்டிய வீட்டில் படையெடுப்பு

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. பூனையும் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்ததும், காலில் பூச்சிகள் மொய்க்கின்றன!

இது எப்படி? கூட்டுக்குள் இருக்கும் பூச்சி அவசரப்படாது. மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்ச்சி, உடல் சூடு, மூச்சுக்காற்று இவை தெரிந்தவுடன் "சாப்பாடு வந்துவிட்டது" என்று வெளியே குதிக்கும்.

இந்தக் கூட்டை மருந்து சுலபமாகத் துளைக்காது. மருந்து தெளித்த பிறகும் சில வாரம் புதுப்பூச்சி தலைகாட்டுவது அதனால்தான்.

குட்டிக்கு எமன்

பெண் பூச்சி ஒரு நாளில் தன் எடையைப் போல 15 மடங்கு ரத்தம் குடிக்கும். 72 பெண் பூச்சிகள் சேர்ந்தால் நாள் ஒன்றுக்கு 1 மில்லி லிட்டர் ரத்தம் போய்விடும்.

பெரிய பூனை தாங்கும். குட்டி தாங்குமா? அரை கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் இருக்கும் ரத்தமே சுமார் 30 மில்லி லிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டி அளவு!

குட்டி சோர்ந்து கிடந்தால் அதன் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

சில பூனைகளுக்குப் பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. ஒன்றிரண்டு கடியிலேயே ரோமம் கொட்டி, தோல் புண்ணாகிவிடும்.

பூச்சியை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரும். மலத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அதுதான். அதற்குப் பூச்சி மாத்திரையும் கொடுக்க வேண்டும்.

மனிதர்களுக்கு?

தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கும். ஆனால் மனிதர் உடம்பில் குடியிருக்காது. தலைமுடியில் பேன் போலத் தங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் பூச்சியின் எச்சத்தில் உள்ள ஒரு கிருமி பூனையின் நகத்தில் ஏறிக்கொள்வது உண்டு. அந்த நகம் கீறினால் காய்ச்சல் வரலாம். நெறி கட்டலாம். பூனை கீறினாலும் கடித்தாலும், உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏனென்றால் வெறிநோய் நாயால் மட்டும் அல்ல, பூனையாலும் வரும்.

கராச்சிப் பூனையின் உதவி

தெள்ளுப்பூச்சியைப் பற்றி உலகத்துக்கே எச்சரிக்கை கொடுத்த ஆராய்ச்சியில் ஒரு பூனைக்கும் பங்கு உண்டு!

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. எலி சாகிறது. பிறகு மனிதன் சாகிறான். எலியிடமிருந்து மனிதனுக்கு நோயைக் கொண்டுவருவது எது? யாருக்கும் தெரியவில்லை.

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகித்தார். 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கராச்சியில் சோதனை நடத்தினார். பிளேக் வந்த எலியைப் பெரிய கண்ணாடிக் குடுவையில் வைத்தார். எலியின் மேல் போதுமான பூச்சிகள் வேண்டுமே! தாம் தங்கியிருந்த ஓட்டலில் இருந்த பூனையிடமிருந்து பூச்சிகளைப் பிடித்துப் போட்டார்.

பிறகு ஒரு நல்ல எலியைக் கம்பிக் கூண்டில் வைத்து, அதே குடுவைக்குள் இறக்கினார். இரண்டு எலிகளும் ஒன்றை ஒன்று தொட முடியாது. ஆனால் பூச்சி தாவலாம். சில நாட்களில் நல்ல எலியும் பிளேக் வந்து செத்தது. பூச்சி இல்லாத எலிகளை வைத்துச் செய்த சோதனையில் நோய் தொற்றவில்லை.

பிளேக்கைப் பரப்புவதில் முக்கியமான குற்றவாளி எலித் தெள்ளு. பூனைத் தெள்ளு அதில் அவ்வளவு கெட்டிக்காரன் அல்ல. ஆகையால் பூனை வளர்ப்பவர்கள் பீதி அடைய வேண்டியது இல்லை.

முதல் வேலை: பூனை

பேன் சீப்பால் தினமும் வார வேண்டும். கழுத்து, முதுகு, வாலடி ஆகிய இடங்களில் அதிகமாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, சீப்பில் சிக்கிய பூச்சியை அதில் முக்குங்கள். பூச்சி மூழ்கிச் செத்துவிடும். நகத்தால் நசுக்க வேண்டாம்.

பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் உண்டு. பிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலாமெக்டின் ஆகியவை பூனைக்கு என்றே விற்கப்படுகின்றன. பூனையின் எடையைப் பார்த்து எந்த மருந்து, எவ்வளவு என்று கால்நடை டாக்டர் சொல்வார். ரோமத்தை விலக்கி, நாக்கு எட்டாத பிடரித் தோலில் விட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே நாளில் அதனதன் மருந்தைப் போட வேண்டும்.

சின்னக் குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தும் கூடாது. சீப்பால் வாரலாம். மிகவும் மோசமாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். முதலில் கழுத்தைச் சுற்றி நனையுங்கள். இல்லாவிட்டால் பூச்சிகள் முகத்துக்கு ஓடிவிடும். குளித்த குட்டியை உடனே துவட்டி, சூடாக வைக்க வேண்டும். குளிர் குட்டியைக் கொன்றுவிடும்.

நாய் மருந்து கூடாது!

இது மிக முக்கியம். நாய்க்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று பூனைக்குத் தடவாதீர்கள்!

நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. பூனை நடுங்கும். எச்சில் ஒழுகும். வலிப்பு வரும். உயிரே போய்விடும். தெரியாமல் தடவிவிட்டால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில், அந்துருண்டைப் பொடி ஆகியவையும் ஆகாது. பூனை தன் உடம்பை நக்கும். வெளியே தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தான் என்றாலும், டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம். பூண்டு தின்னக் கொடுப்பதும் தவறு. அது பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது வேலை: வீடு

பூனை எங்கே படுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கேதான் முட்டைகள் அதிகம்.

பூனையின் படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் முக்கித் துவைக்க வேண்டும். பழைய சாக்காக இருந்தால் எறிந்துவிடலாம்.

பாய், தலையணை, மெத்தை ஆகியவற்றைச் சுள்ளென்ற வெயிலில் காயப் போட வேண்டும். புழு ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். வெயிலில் உலர்ந்து செத்துப்போகும். இது செலவு இல்லாத மருந்து!

தினமும் மூலை முடுக்கு எல்லாம் பெருக்க வேண்டும். கட்டில், பீரோ, சோபா இவற்றை நகர்த்திப் பெருக்குங்கள். குப்பையைப் பையில் கட்டி அப்பொழுதே வெளியே போட்டுவிட வேண்டும். தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. அதிர்ச்சியில் பூச்சிகள் கூட்டை விட்டு வெளியே வந்து அகப்படும்.

சிமெண்டுத் தரையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவலாம். மண் தரையில் வெடிப்பு இருந்தால் அடைத்துவிட வேண்டும். வெளியே படிக்கட்டின் அடி, விறகு அடுக்கிய இடம் போன்ற நிழலான மூலைகளையும் சுத்தம் செய்யுங்கள்.

தொல்லை மிக அதிகமாக இருந்தால் மருந்து தெளிக்கலாம். முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்து கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். தெளித்தது நன்றாகக் காயும் வரை குழந்தைகள், பூனை, மீன் தொட்டி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

மூன்று மாதப் பொறுமை

இத்தனையும் செய்தால் நாளைக்கே பூச்சி போய்விடுமா? போகாது. கூட்டுக்குள் உறங்குவது எல்லாம் வெளியே வந்து சாக வேண்டும். அதற்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

இரண்டு வாரத்தில் பூனை சொறிவதை நிறுத்தும். "தொல்லை தீர்ந்தது" என்று பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதம் பழைய கதை ஆரம்பமாகும். மாத மருந்தை மாதம் தவறாமல் போட வேண்டும்.

சந்தேகம் வந்தால் பக்கத்தில் உள்ள அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்கலாம். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது.

பூச்சி வந்துவிட்டதே என்று பூனையைத் தெருவில் விடுகிறவர்களும் உண்டு. அதனால் லாபம் இல்லை. பூனை போன பிறகு, வீட்டில் கிடக்கும் முட்டையும் கூடும் பூச்சியாகும். அவற்றுக்குக் கடிக்கப் பூனை இராது. மனிதர்கள்தான் அகப்படுவார்கள்!

மருந்து போட்ட பூனை வீட்டிலேயே இருக்கட்டும். வெளியே வரும் பூச்சி அதன் மேல் தாவும். தாவியது சாகும்.