மின்விசிறிக்கு ஏன் பயப்படுகிறோம்?

மாடிப்படியின் உச்சியில் ஒரு மின்விசிறி சுழல்கிறது. வேறொன்றும் இல்லை. ஆனாலும் வயிற்றைப் பிசைகிறது. ஏன்?

1990-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' மர்மத் தொடரில் இயக்குநர் டேவிட் லிஞ்ச் அந்த விசிறியைக் கீழிருந்து அண்ணாந்து காட்டுவார். ஆளில்லாத இடத்தில் கேமரா தேவைக்கு மேல் சில விநாடி தங்கினால் மூளை சும்மா இருக்காது. அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் கணிப்பது அதன் இயல்பு. விடை கிடைக்காதபோது உடலும் உஷாராகிவிடுகிறது.

முதல் அத்தியாயத்தில் என்னை உலுக்கிய காட்சி வேறு. மகளைக் காணாமல் தவிக்கும் தாய் தொலைபேசியில் பேசுகிறார், மறுமுனையில் தந்தை. ஷெரிஃப் வருவதைப் பார்த்ததும் ரிசீவர் தந்தையின் கையிலிருந்து நழுவுகிறது. கேமரா அவர் முகத்தை விட்டு, சுருள் வயரைப் பற்றியபடி மெல்லக் கீழே இறங்குகிறது. தொங்கும் ரிசீவருக்குள் தாயின் அலறல். அந்தக் கணத்தில் தாயின் முகத்தைக் காட்டியிருந்தால் அது அவருடைய துயரம். காட்டாததால், அந்த முகத்தை நாமே மனசுக்குள் வரைந்துகொள்கிறோம்.

குளோஸ்-அப்பிலும் இதே கணக்குதான்: முகம் திரையை நிறைத்துவிட்டால், முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது தெரியாது.