தேசப்படத் தொண்டர் மாநாடு

தேசப்படம் வரைதல் அரசினர்க்கே உரிய தொழில் என்பது நெடுங்காலமாக நிலவிவந்த கருத்தாகும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஒரு மைலை ஓரங்குலமாகச் சுருக்கி அது வெளியிட்ட படங்களை நம் முன்னோர் நன்கறிவர். அவை திருத்தமானவை, ஆயினும், அவ்வளவுத் திட்டத்திற் பத்தடி அகலமான ஓர் ஒழுங்கை ஓரங்குலத்தின் ஐந்நூற்றிலொரு பங்கினுங் குறைந்துவிடும். ஆகவே, நாம் நாடோறும் நடக்கும் ஒழுங்கைகளுட் பலவும் அவற்றின் பெயர்களும் அப்படங்களில் இடம்பெறுதல் இயலாதாயிற்று.

இக்குறையை மக்களே நீக்கலாமென்னும் எண்ணத்தின் பயனே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் உலகப்படமாகும். இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ஊதியம் பெறாத தொண்டர்கள் தத்தம் ஊரை நடந்தும் அளந்தும், செய்மதிப் படங்களைப் பார்த்தும், இணையத்தின் வழியாக இதனை வரைகின்றனர். கிணறு ஒரு புள்ளி. ஒழுங்கை ஒரு கோடு. குளம் ஒரு வளைகோடு. ஒவ்வொன்றோடும் அஃது இன்னதென்னும் விளக்கச் சொற்கள் இணைக்கப்படும். ஓரிடத்தின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் தனித்தனியே பதியலாம். பெற்ற இடத்தைச் சுட்டி, உரிய நிபந்தனைகளைப் பேணும் எவரும் இத்தரவுகளை விலையின்றி எடுத்தாளலாம்.

எவரும் மாற்றத்தக்கதாயிற் பிழை மலியாதோ என வினவலாம். பிழை புகுதல் உண்டு. ஆனால், யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பது பதிவாகியே இருக்கும், அறிந்தவர் திருத்துவர். பிறர் உரிமையுடைய படத்தைப் பார்த்துப் பிரதிசெய்தல் ஆகாது என்பதும், நிலத்திற் கண்டதே சான்று என்பதும் இத்தொண்டரின் விதிகள்.

இவர்கள் கூடும் பன்னாட்டு மாநாட்டுக்கு 'ஸ்டேட் ஒவ் த மேப்' என்பது பெயர். தேசப்படத்தின் நிலைமை என்பது இதன் பொருள். 2007ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் முதன்முறை கூடிய இது, பின்னர் ஆம்ஸ்டர்டாம், தோக்கியோ, புவெனஸ் அயர்ஸ் முதலிய நகரங்களிற் கூடி, 2024ஆம் ஆண்டில் நைரோபியை அடைந்தது. ஆசிய நாட்டினர்க்கான மாநாடு ஜகார்த்தா (2015), மணிலா (2016), காத்மண்டு (2017), பெங்களூர் (2018), டாக்கா (2019) ஆகிய நகரங்களில் நிகழ்ந்தது. ஆங்கு நீண்ட உரைகளும், சில நிமிடங்களில் முடியும் சிற்றுரைகளும், செயன்முறைப் பயிற்சிகளும் இடம்பெறும்.

வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலைக்கு மாநாடு எதற்கு? சொற்பொருள் பற்றிய ஐயங்களே இதற்குத் தக்க விடையாகும். இப்படத்தின் விளக்கச் சொற்கள் இங்கிலாந்திற் பிறந்தவை. அங்கே பெருந்தெரு முதல் ஒற்றையடிப் பாதை வரை யாவும் 'ஹைவே' என்னும் ஒரு சொல்லினுள் அடங்கும். அதன் வகைகளும் அந்நாட்டுத் தெருக்களை நோக்கி வகுக்கப்பட்டவை. இருபுறமும் வேலியடைத்த நம் ஒழுங்கை அவற்றுள் எவ்வகையைச் சேரும்? மாரியில் நிரம்பிக் கோடையில் வயல்போல் வறண்டு கிடக்கும் குளத்தை நீர்நிலையாகத் தீட்டுவதா, வெறுந்தரையாகவா? சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் இன்னவையென இலண்டனிலிருந்து செய்மதிப் படத்தைப் பார்ப்பவர் எவ்வாறு அறிவார்? பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரையிட்டு நிற்கும் தெருமூடிமடத்தை எவ்வாறு வரைவார்? வெவ்வேறு நாட்டார் நேரிற் கூடி உரையாடும்போதே இத்தகைய ஐயங்கள் எளிதில் விளங்கும். எடுத்துரைக்க ஒருவர் இல்லாத ஊரின் பொருள்களோ அயலார் சொல்லிய பெயராலேயே வழங்கலாகும்.

இப்பணி வெறும் பொழுதுபோக்கன்று. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் எயிற்றியின் தலைநகர் நிலநடுக்கத்தாற் சிதைந்தபோது, பல நாட்டுத் தொண்டர் சில நாட்களுள் அந்நகரின் தெருக்களை வரைந்தனர். மீட்புப் பணியாளர் அப்படத்தைக் கைக்கொண்டனர். நேபாளத்தில் காத்மண்டு லிவிங் லாப்ஸ் என்னும் அமைப்பினர், மாணவர்களையும் துணைக்கொண்டு, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் முன்னரே படத்திற் சேர்த்துவந்தனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் நிலம் நடுங்கியபோது அம்முயற்சி கைகொடுத்தது. ஈராண்டின் பின் ஆசிய மாநாடு அந்நகரிற் கூடியது பொருத்தமே. நம் நாட்டிலும் மட்டக்களப்பின் மண்முனை வடக்குப் பிரிவிலுள்ள கட்டடங்கள், வெள்ளம் முதலிய இடர்களை முன்னறிந்து காக்கும் நோக்குடன், 2010களில் இப்படத்திற் பதியப்பட்டன.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு எங்கள் குடும்பம் நீங்கியபோது யான் பள்ளிச் சிறுவன். நெடுங்காலத்தின் பின் ஊருக்குச் சென்றபோது ஒழுங்கையைக் காணவில்லை, பற்றைக்காடே நின்றது. காணி உறுதி எங்கள் கையில் இருந்தது. காணியின் பெயரும், இத்தனை பரப்பு என்பதும், நாற்றிசை எல்லைக்குரியோர் பெயர்களும் அதில் எழுதப்பட்டிருந்தன. ஆனால், அவ்வெல்லைக்குரியோரும் தத்தம் எல்லையைத் தேடிக்கொண்டிருந்தனர். முடிவில், அயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர் பொதுக்கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடியெண்ணி நடந்து, "இதுதான் தம்பி, உங்கடை படலை நிண்ட இடம்" என்று காட்டினார். அம்முதியவர் இன்று இல்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் காணி வழக்கைத் தீர்ப்பதன்று. ஆயினும், அக்கிணறும் ஒழுங்கையும் பெயரோடு ஒரு பொதுப்படத்திற் பதிவாகியிருப்பின், ஓர் ஊரின் அடையாளம் ஒரு முதியவரின் நினைவை மட்டும் நம்பி நின்றிராது. செய்மதி கூரையைக் காட்டும், குளத்தைக் காட்டும். அக்குளத்தின் பெயரை அங்குள்ள மனிதரே சொல்லவேண்டும்.

எனவே, இம்மாநாட்டுக்குச் செல்ல விழையும் மாணவர் முதலிற் செல்லவேண்டிய இடம் தம் ஊரே. விடுமுறையில் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்க. பெரியோரை வினவிக் கோயில், கேணி, மடம், வயல்வெளி ஆகியவற்றின் பெயர்களை எழுதுக. இருவர் வேறுபடக் கூறின் மூன்றாமவரையும் வினவுக. தனிமனிதரின் பெயரையும் அந்தரங்கத்தையும் படத்தில் ஏற்றாது விடுக. இவ்வாறு உழைத்தோர் செல்லுதற்குப் பயண உதவித்தொகை வழங்கும் வழக்கமும் அம்மாநாட்டில் உண்டு. அவ்வுதவி கிட்டாவிடினும் கேடில்லை. பெயர் சொல்லும் முதியோர் இருக்கும்போதே அவர் ஊர் படத்தில் ஏறிவிடும்.