சாங் ஆஃப் சிலோன் (ஆவணப்படம்)

சாங் ஆஃப் சிலோன் என்பது 1934இல் பேசில் ரைட் இயக்கத்தில், ஜான் கிரியர்சன் தயாரிப்பில் வெளியான பிரித்தானிய ஆவணப்படம் ஆகும். இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்திற்காக எடுக்கப்பட்டாலும் விளம்பரப் படம்போல் அமையவில்லை. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. பின்னணியில், 1681இல் வெளிவந்த ராபர்ட் நாக்ஸின் நூற்பகுதிகளைக் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார்.

நான்கு பகுதிகளுள் மூன்றாவதான 'வணிகத்தின் குரல்கள்' கவனித்துப் பார்க்க வேண்டியது. திரையில் மக்கள் உழைத்துக்கொண்டிருக்க, ஒலியில் சந்தை விலைகளும் கப்பல் செய்திகளும் கேட்கின்றன. படமும் ஒலியும் வெவ்வேறு திசையில் செல்லும் இந்த உத்தி அக்காலத்தில் புதியது.

பிற பகுதிகள் பெரும்பாலும் சிங்களப் பௌத்தர் வாழ்வையே காட்டுகின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரில் மிகப் பலர் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். கொழுந்து பறிக்கும் காட்சி உண்டு. அவர்களின் லயன் வாழ்க்கைக்கு இடமில்லை.