தேனீக்கள் குறைவதேன்?

2006ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஹாக்கன்பர்க் என்னும் தேனீ வளர்ப்பாளர், ஃபுளோரிடாவில் வைத்திருந்த தம் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, ராணி ஈயும் இளம்புழுக்களும் சேமித்த தேனும் அப்படியே இருக்க, உழைக்கும் ஈக்கள் மட்டும், விழுந்து கிடக்கும் உடல்கூடக் காணாதபடி மறைந்து போயிருந்தன. அடுத்த சில மாதங்களில் அந்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இதே செய்தி வந்தது. சிலர் மூன்றில் ஒரு பங்குக் கூடுகளையும், சிலர் பத்தில் ஒன்பது பங்கையும் இழந்திருந்தார்கள். உலகப் பத்திரிகைகள் இதனைப் பெரும் மர்மமாக வர்ணித்தன. அந்த வர்ணனையே இன்றும் நம் மனத்தில் நிற்கிறது. ஆனால் மலேசியாவில் வாழும் நம் ஊர்த் தேனீ அமெரிக்கத் தேனீயன்று. அதன் துன்பத்தை அறிய வேண்டுமாயின், நாம் செல்ல வேண்டிய இடம், அதே நாட்டுத் தேனீயை வளர்க்கும் மார்த்தாண்டம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் தொடங்கிய கிராம புனருத்தாரணப் பணியின் ஓர் அங்கமாகத் தேனீ வளர்ப்பு கற்பிக்கப்பட்டு, நாளடைவில் ரப்பர்த் தோட்டங்களிடையே பெட்டி வைத்துத் தேன் எடுப்பது எண்ணற்ற குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாயிற்று. 1991-92இல் அந்தப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. புழு, கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில், அறைக்குள் தலை நிமிர்ந்தபடியே இறந்து கிடந்தது. இடுக்கியால் மெல்லத் தூக்கினால், உள்ளே நீர் தளும்பும் சிறு பையாகக் கையோடு வந்தது. 1976இல் தாய்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ் அது. 1978இல் மேகாலயாவில் தென்பட்டு, பின்னர் தெற்கே இறங்கி, தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் கூடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை அழித்துவிட்டது. மருந்து எதுவுமில்லை. எங்கோ தப்பிப் பிழைத்த கூடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து மீண்டும் பெருக்கியவர்களின் பொறுமையாலேயே அத்தொழில் உயிர்த்தது. தேனீ இனத்தின் வீழ்ச்சியென்று நாம் பேசும்போது, அமெரிக்கப் பெட்டிகளுக்கு முன்பாக இந்தப் பெட்டிகளை நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மேலை நாடுகளில் முதற் குற்றவாளியாக நிற்பது வரோவா என்னும் உண்ணி. இதற்கும் நம் பிராந்தியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1904இல் ஜாவாத் தீவில் நாட்டுத் தேனீயின் மேல் இந்தப் பேரினத்து உண்ணி ஒன்று முதலில் கண்டு பதிவு செய்யப்பட்டது. உலகெங்கும் பரவி நாசம் விளைவிப்பது அதன் நெருங்கிய சகோதர இனம் என்பதை 2000ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் வேறு பிரித்துக் கண்டு, அதற்குப் புதுப்பெயர் இட்டார்கள். ஆசிய நாட்டுத் தேனீ அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது: தோழியின் உடலில் ஒட்டிய உண்ணியைக் கடித்து அகற்றும், உண்ணி மிகுந்து நலிந்த ஆண் ஈயின் அறையைத் திறவாமல், உண்ணிகளோடு சேர்த்தே அதனைப் புதைத்துவிடும். ஐரோப்பியத் தேனீக்கு இந்த வித்தை போதாது. எனவேதான் வெப்பமண்டல ஆசியாவில், மனிதனின் மருந்துதவியின்றி அது நீடிப்பது அரிதாக இருக்கிறது.

ஆகவே நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் நாட்டுத் தேனீக்களை வாட்டுவது உண்ணியன்று, பசி என்பதே என் கருத்து. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் ரப்பர்ப் பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களை அறிவார்கள். அந்த இளந்துளிரில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்தில், பூவின் துணையில்லாமலே தித்திக்கும் துளி கசியும். மார்த்தாண்டத்துத் தேனில் பெரும்பகுதி அந்தத் துளியே. கிள்ளானைச் சுற்றியிருந்த பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனையின் ஆண்பூ மகரந்தம் தரும், மது தராது. அதற்கு மகரந்தம் சேர்ப்பதும் தேனீயன்று, 1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு கூன்வண்டு. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்களின் கொல்லையிலிருந்த முருங்கையும் தென்னையும் ஜம்புவும் அவற்றோடு மறைந்தன. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் கரும்புச்சாற்றுக் கடைகளிலும் மொய்க்கும் ஈக்களைக் கண்டு, இங்கே தேனீக்குக் குறைவில்லை என்று ஒருவர் எண்ணக்கூடும். மலரில் மது கிடைக்காத ஈதான் பெரும்பாலும் கரும்புச் சக்கையை நாடி வருகிறது.

பூச்சிகொல்லிகளைப் பற்றிய சந்தேகமும் ஆதாரமற்றதன்று. விதையிலேயே பூசப்பட்டு, செடி முழுதும் பரவி, மகரந்தத்திலும் கலக்கும் நியோனிகோட்டினாய்டு மருந்துகள், கொல்லாத அளவிலும்கூடத் தேனீயின் திசையறிவைக் கெடுக்கின்றன. இவ்வகையில் மூன்றினைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. நம் வீதிகளிலோ டிங்கிக் காய்ச்சலுக்காகப் புகை அடிக்கிறார்கள். அந்தப் புகை கொசுவையும் தேனீயையும் வேறுபடுத்தி அறியாது. மனித உயிர் காக்கும் காரியத்தை நிறுத்தச் சொல்வது தர்மமாகாது. ஆனால் தேங்கும் நீரை அவரவர் வீட்டிலேயே கவிழ்த்துவிட்டால், புகைக்கு வேலை குறையும். கைத்தொலைபேசிக் கோபுரங்களே காரணம் என்ற பேச்சு நம்மிடையே பலமாக உலவினாலும், அதை நிரூபிக்கத் தக்க சான்று இதுவரை கிடைத்ததில்லை.

இங்கே ஒரு தெளிவு அவசியம். உலகில் மனிதர் வளர்க்கும் கூடுகளின் மொத்தத் தொகை 1961லிருந்து கூடியே வந்திருக்கிறது. இறந்த கூட்டுக்கு ஈடாக மற்றொன்றைப் பிரித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். காட்டில் துவாலாங் மரக்கிளையிலும், நகரில் அடுக்குமாடி வீட்டின் நீர்த்தொட்டிக்கு அடியிலும் ஒற்றை அடை கட்டித் தொங்கும் மலைத்தேனீக்கு அப்படி உடையவர் எவருமில்லை. அது அழிந்தால் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

அதே மலைத்தேனீ பருவந்தோறும் நூறு கிலோமீட்டருக்கும் மேல் இடம்பெயரும் இயல்புடையது. எனவே வெறுமையாய்த் தொங்கும் அடையெல்லாம் சாவின் அடையாளமாகாது. வழியில் களைத்த கூட்டம் சன்னல் கம்பியிலோ தூணிலோ அடையில்லாமல் கொத்தாகத் தங்கினால், தொந்தரவு செய்யாதிருக்கும்பட்சத்தில், பெரும்பாலும் சில நாட்களில் தானே எழுந்து போய்விடும். அடை கட்டி நிலைத்துவிட்டதாயின், அதைக் கொளுத்தாமல் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் குடியேற்றும் பணியை, கிள்ளான் பள்ளத்தாக்கில் மை பீ சேவியர் என்னும் தன்னார்வச் சங்கத்தார் செய்துவருகிறார்கள். காகிதம் போன்ற மூடிய கூட்டில் வாழும் கதண்டு வேறு ஜாதி, உயிருக்கு ஆபத்தானது, அதற்குத் தீயணைப்புத் துறையினரை அழைப்பதே முறை. இரண்டையும் ஒன்றாகக் கருதி, மண்ணெண்ணெய்த் துணியோடு ஏணியில் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டு வேலியில் ஓரடி இடமிருந்தால், கொட்டாத சிறு தேனீயான கெலுலுட்டை வளர்ப்போர் தம் கூடுகளைச் சுற்றி நடும், இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள் கொண்ட ஆயர் மாத்தா பெங்ஙாந்தின் கொடியை நடலாம். அது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும்.