மேற்கே தெரியும் மலையைப் படமெடுக்க

ஐப்பசியில் அடைமழை கொட்டி வெறித்த மறுநாள் காலை, ஓட்டப்பிடாரத்துக் கரிசல் காட்டில் நின்று மேற்கே பார்த்தால் வானத்தின் அடியில் நீல விளிம்பு ஒன்று ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சின்ன வயதில் மலை என்றால் அதுதான். யாரும் ஏறிப் பார்த்தது கிடையாது. களை வெட்டி நிமிரும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். பிழைப்புக்கு வெளியூர் போய்க் கையில் கேமராவோடு ஊர் திரும்புகிறவர்கள் அதைத்தான் முதலில் எடுக்கப் பார்க்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். படத்திலோ மலை கிழித்த கோடுபோல ஒடுங்கிக் கிடக்கும்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். அகத்தியமலைச் சிகரம் 1,868 மீட்டர் உயரம். ஓட்டப்பிடாரத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் பூமியின் வளைவே மலையின் அடிப்பகுதியில் அரை கிலோமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். குறுக்கே வேறு குன்று எதுவும் மறிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், மிச்சமுள்ள மலை நம் கண்ணில் பிடிக்கும் கோணம் முக்கால் பாகைக்குச் சற்றே கூடுதல். முழுநிலா அரைப் பாகை. செல்பேசியின் சாதாரண லென்ஸில் அந்த மலை, படத்தின் உயரத்தில் அறுபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அடிவானத்தை ஒட்டி இருப்பதை நம் மூளை பெரிதாகக் காட்டும். உதிக்கிற நிலாவிலும் அதே மயக்கம்தான். கேமராவுக்கு அந்த மயக்கம் கிடையாது. 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் எட்டு, ஒன்பதில் ஒரு பங்காவது மலை கிடைக்கும்.

அடுத்த தொல்லை மங்கல். காற்றின் மூலக்கூறுகள் மட்டுமே குறுக்கே இருந்தால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வரை பார்க்கலாம். தூசியும் புகையும் ஈரத்தில் ஊதிய நுண்துகள்களும் சேர்ந்து அதைச் சுருக்கிவிடுகின்றன. ஒரு பொருள் கண்ணுக்குத் தட்டுப்பட, பின்னணி வானத்தோடு அதற்கு 2 சதவீத வேறுபாடாவது வேண்டும் என்று வைத்து, 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய அறிஞர் பார்வைத்தூரத்துக்குச் சூத்திரம் தந்தார். அதன்படி, 180 கிலோமீட்டர் வரை தெரியும் அபூர்வமான நாளிலும் 90 கிலோமீட்டரில் உள்ள மலைக்கும் வானத்துக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேரும். ஆனி, ஆடியில் எடுக்க நினைப்பது வீண். மலை மேகத்துக்குள் இருக்கும், செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று இங்கே புழுதியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை காற்றைக் கழுவிவிட்ட காலைதான் சரியான நேரம். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து மலை முகத்தில் விழும். நீல ஒளி அதிகம் சிதறும் என்பதால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் மலையின் மடிப்புகள் துலங்கும்.

இத்தனை பாடுபட்டு எடுப்பது வெறும் ஆசைக்கு மட்டுமா? இல்லை, அன்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்தான். இதே மலைத்தொடரைக் களக்காட்டுப் பக்கத்திலிருந்து 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் வரைந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழ இன்னும் ஏழு ஆண்டு இருந்த காலம். காட்சியைத் தாளில் விழவைக்கும் இருட்டறைப் பெட்டியின் உதவியோடு அவர்கள் வரைந்ததால், இருநூறு ஆண்டு கழித்து இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் அன்டோனியோ மார்ட்டினெல்லி அவர்கள் வரைந்த இடங்களைத் தேடி இந்தியா முழுக்கச் சுற்ற முடிந்தது. கனடாவின் ஜாஸ்பர் மலைகளில் நில அளவையாளர் பிரிட்ஜ்லண்ட் 1915இல் எடுத்த 735 காட்சிகளை, 1990களின் பிற்பாதியில் ஆய்வாளர்கள் அதே சிகரங்களில் ஏறி நின்று திரும்ப எடுத்தார்கள். திறந்தவெளி குறைந்து காடு அடர்ந்திருந்தது ஜோடிப் படங்களில் அப்பட்டமாகத் தெரிந்தது. காட்டுத்தீயை அணைத்துக்கொண்டே வந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் பக்கத்தில் மலையின் வரிவடிவம் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் மாறிவிட்டது. கம்பும் சோளமும் நின்ற காட்டில் மக்காச்சோளம், தரிசு முழுக்கச் சீமைக்கருவை, கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள். இவை வந்த வரிசையைச் சொல்லும் படம் நம்மிடம் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். மொட்டை மாடியிலும் களத்திலும் எடுத்த பழைய குடும்பப் படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். ஆட்களுக்குப் பின்னால் மலைவிளிம்பு துளி தெரிந்தால் போதும், அதே இடத்தில் நின்று திரும்ப எடுத்து ஒப்பிடலாம்.

எடுத்த இடத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. 20 மீட்டர் தள்ளி நிற்கும் பனை, நாம் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தாலே, மலையின் மேல், அந்த மலையின் உயரத்தளவுக்கு இடம் மாறித் தெரியும். பழைய படத்தில் பனை எந்த முகட்டுக்கு நேராக நிற்கிறதோ அங்கே அது வந்து உட்காரும்வரை நகருங்கள். முன்னும் பின்னும் எவ்வளவு என்பதை இரண்டாவது மரமோ கோயில் கோபுரமோ காட்டிக்கொடுக்கும். லென்ஸ் வேறாக இருந்தாலும் கவலையில்லை. பொருள்கள் ஒன்றுக்கொன்று அமையும் விதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் இடம்தான், அளவைப் பிறகு வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். பனையை வெட்டிவிட்டார்கள் என்றால் கிணற்றுச் சுவரையோ மைல்கல்லையோ பிடியுங்கள். புதிய படத்தின் பின்னால் தேதி, நேரம், நின்ற இடம், லென்ஸ், காட்டில் அப்போது நின்ற வெள்ளாமை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.